ஒரு முறை நுழைந்தால் போதும்: அலுவலகக் கடவுச்சொல்லின் கதை

காலை ஒன்பது மணி. ஊழியர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து கணினியை எழுப்புகிறார். பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறார். அவ்வளவுதான். அதன்பின் மாலை வரை மின்னஞ்சல் திறக்கிறது, பொதுக் கோப்புகள் திறக்கின்றன, பிரிண்டர் வேலை செய்கிறது, விடுப்பு விண்ணப்பம் போகிறது, சம்பளச் சீட்டு வருகிறது. "நீங்கள் யார்?" என்று எந்த இடத்திலும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

இதைத்தான் சிங்கிள் சைன்-ஆன் என்கிறார்கள். தமிழில் ஒற்றை உள்நுழைவு எனலாம். பார்ப்பதற்குச் சின்ன வசதி. ஆனால் இதற்குப் பின்னால் அறுபது ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் ஒரு திருட்டு உண்டு, ஒரு தந்தையும் மகனும் உண்டு, ஒரு மின்வெட்டு உண்டு. மூன்று தலை நாய் ஒன்றும் உண்டு!

நேரத்தைப் பங்கு போட வந்த பூட்டு

1961 நவம்பர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்து காட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். அதுவரை ஒரு கணினி ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையை மட்டுமே செய்யும். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சி.டி.எஸ்.எஸ். கணினியின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கு மட்டுமே உழைப்பது போலத் தோன்றியது.

ஒரே வீட்டில் பலர் குடியேறினால் என்ன ஆகும்? அவரவர் பெட்டிக்குப் பூட்டு வேண்டும். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக் கூடாது. அதைவிட முக்கியம், ஒருவருக்கு ஒதுக்கிய கணினி நேரத்தை இன்னொருவர் செலவழிக்கக் கூடாது. அன்றைக்குக் கணினி நேரம் தங்கம் போல! அதற்காகத்தான் ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் கணினிக் கடவுச்சொல்லின் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான்.

பூட்டு வந்த சூட்டோடு திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு 1962ல் வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. எந்தக் கோப்பை அச்சிட வேண்டும் என்று ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால், இரவில் அச்சிட்டு அலமாரியில் வைத்துவிடும் வழக்கம் அங்கே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஷெர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடச் சொல்லி அட்டையைப் போட்டார். சனிக்கிழமை அதிகாலை போய்த் தாள்களை எடுத்துக்கொண்டார். எல்லோருடைய கடவுச்சொல்லும் கையில்! பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியே சொன்னார்.

அடுத்தது 1966ல் நடந்தது. இதில் திருடனே கிடையாது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று அன்றைய அறிவிப்பு, மற்றது கடவுச்சொல் பட்டியல். திருத்தும் நிரல் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறிப் போயின. விளைவு? கணினியில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் திரையில் ஓடின. 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது உரையில் கோர்பட்டோவே இந்தச் சம்பவத்தை விவரித்தார். தோல்வியடையப் போகும் அமைப்புகளைக் கட்டுவது எப்படி என்பதுதான் அந்த உரையின் தலைப்பின் சாரம்.

பூட்டை ஒளிப்பதும், பூட்டே வேண்டாம் என்பதும்

இந்தச் சம்பவங்களிலிருந்து ஒரு பாடம் தெளிவானது. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் வெளியே வரத்தான் செய்யும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் இதற்கு ஒரு வழி கண்டார். கடவுச்சொல்லைச் சேமிக்காமல், அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து வரும் விடையை மட்டும் சேமிப்பது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? அதுபோல அந்த விடையிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. பயனர் அடுத்த முறை வரும்போது அவர் தட்டுவதை மறுபடி அரைத்து, மாவும் மாவும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

யுனிக்ஸ் கணினிகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. 1979ல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் இது பற்றி எழுதிய கட்டுரை மிகவும் புகழ் பெற்றது. அவர்கள் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 2,831, அதாவது 86 சதவீதம், மிகக் குறுகியதாகவோ அகராதியில் உள்ள சொல்லாகவோ இருந்தன. பதினைந்து பேருடைய கடவுச்சொல் ஒரே ஓர் எழுத்து! பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் சாவியைத் தேர்ந்தெடுப்பது மனிதன்தானே.

எல்லோரும் பூட்டை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. 1970களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யின் கணினி அறிவியல் ஆய்வகத்தில் கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்தபோது ரிச்சர்ட் ஸ்டால்மன் எதிர்த்தார். பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியவர் இவர்தான். கடவுச்சொற்களை உடைத்துப் பார்த்து, அந்தந்தப் பயனருக்கே செய்தி அனுப்பினார்: இதற்குப் பதில் வெற்றுக் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், வெறுமனே எண்டர் தட்டினால் போதும் என்று. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அப்படியே மாற்றிக்கொண்டார்களாம். அவரைப் பொறுத்தவரை கடவுச்சொல் என்பது பாதுகாப்பு அல்ல, நிர்வாகத்தின் அதிகாரம். கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி லேசானதல்ல: பூட்டு யாருக்காக? உள்ளே இருப்பவருக்காகவா, சாவி வைத்திருப்பவருக்காகவா?

ஒரு கணினி ஆயிரமான போது

1983 மே மாதம் எம்.ஐ.டி. 'புராஜெக்ட் ஏதெனா' என்ற பெரிய திட்டத்தை அறிவித்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், ஐ.பி.எம். என்ற இரண்டு நிறுவனங்களும் கை கொடுத்தன. வளாகம் முழுக்கக் கணினிகளை நிறுவி, எந்த மாணவரும் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தன் கோப்பும் தன் மின்னஞ்சலும் தன் முன்னால் வரும்படி செய்வதுதான் நோக்கம். இன்று சாதாரணம். அன்று கனவு.

இங்கேதான் சிக்கல். பழைய முறையில் கணினி ஒன்றுதான். அதன் முன் இருந்தவை வெறும் திரையும் விசைப்பலகையும். யார் உள்ளே இருக்கிறார் என்று அந்த ஒரே கணினிக்குத் தெரியும். புதிய முறையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு முழுக் கணினி. மின்னஞ்சல் ஓரிடம், கோப்புகள் ஓரிடம், அச்சு ஓரிடம். மேசைக் கணினி "இங்கே இருப்பது இன்னார்" என்று சொன்னால் மின்னஞ்சல் வழங்கி அதை நம்பலாமா? அந்த மேசைக் கணினி முழுக்க முழுக்க ஒரு மாணவர் கையில் இருக்கிறது. அவர் அதன் நிரலை மாற்றி எந்தப் பெயரையும் சொல்ல வைக்கலாம்.

சரி, ஒவ்வொரு வழங்கியும் தனித்தனியாகக் கடவுச்சொல் கேட்டால்? பயனர் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கம்பி வழியே வெளிப்படையாகப் போகும். அதே கம்பியில் மாட்டிய இன்னொரு கணினி அதை ஒட்டுக் கேட்டால் முடிந்தது கதை.

விடைக்கான விதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1978ல் அதே ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கணினிகள், இருவரும் நம்பும் மூன்றாவது கணினி ஒன்றின் உதவியால் அறிமுகம் ஆவது எப்படி என்பதுதான் அதன் பொருள். 1981ல் டோரத்தி டென்னிங்கும் ஜியோவன்னி சாக்கோவும் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். பழைய சாவி ஒன்று திருடன் கையில் கிடைத்தால் அதை மறுபடி செலுத்தி ஏமாற்றலாம். எனவே ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்றார்கள்.

இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏதெனா திட்டத்துக்காக ஸ்டீவ் மில்லரும் கிளிஃபோர்ட் நியூமனும் ஓர் அமைப்பை வடிவமைத்தார்கள். திட்டமே கிரேக்கத் தேவதையின் பெயரில் இருந்ததால் இதற்கும் கிரேக்கப் பெயர்: கெர்பரோஸ். பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய்.

நாய் எப்படிக் காவல் காக்கிறது?

பெரிய பொருட்காட்சி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். வாசலில் ஒருமுறை அடையாள அட்டையைக் காட்டினால் அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு சீட்டு தருகிறார்கள். உள்ளே ராட்டினத்துக்கு, பொம்மலாட்டத்துக்கு என்று எங்கே போனாலும் அந்த வாசல் சீட்டைக் காட்டி அந்தந்த இடத்துக்கான சின்னச் சீட்டை வாங்கிக்கொள்ளலாம். அடையாள அட்டை பையை விட்டு வெளியே வரவே வேண்டாம். கெர்பரோசும் இப்படித்தான்.

முதலில், பயனர் தன் பெயரைத் தட்டுகிறார். மேசைக் கணினி அந்தப் பெயரை மட்டும் கெர்பரோஸ் வழங்கிக்கு அனுப்புகிறது. கடவுச்சொல் போவதில்லை!

இரண்டாவதாக, வழங்கி ஒரு பூட்டிய பொட்டலத்தை அனுப்புகிறது. பூட்டியிருப்பது அந்தப் பயனரின் கடவுச்சொல்லிலிருந்து உருவாக்கிய சாவியால். யார் கேட்டாலும் பொட்டலம் கிடைக்கும், ஆனால் உண்மையான பயனரால் மட்டுமே திறக்க முடியும். உள்ளே தற்காலிகச் சாவி ஒன்றும், சீட்டு வாங்குவதற்கான சீட்டு ஒன்றும் இருக்கின்றன. அதுதான் வாசல் சீட்டு.

மூன்றாவதாக, பயனர் கடவுச்சொல்லைத் தட்ட, மேசைக் கணினி பொட்டலத்தைத் திறக்கிறது. கடவுச்சொல்லை உடனே மறந்துவிடுகிறது. இனி அது தேவையில்லை.

நான்காவதாக, மின்னஞ்சல் வேண்டும் என்றால் வாசல் சீட்டைக் காட்டி மின்னஞ்சலுக்கான சீட்டை வாங்குகிறது. அந்தச் சீட்டு மின்னஞ்சல் வழங்கிக்கும் கெர்பரோஸ் வழங்கிக்கும் மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டப்பட்டது. வழங்கி அதைத் திறந்து பார்த்து, "சரி, இவர் உண்மையானவர்தான்" என்று ஏற்கிறது. பயனருக்கு எதுவும் தெரியாது. மின்னஞ்சல் திறந்துவிடும்.

ஏதெனாவில் வாசல் சீட்டின் ஆயுள் எட்டு மணி நேரம். ஒரு வேலை நாள்! அதற்குப் பிறகு சீட்டு செத்துவிடும். திருடனுக்குக் கிடைத்தாலும் நாளைக்கு உதவாது. இதில் நேரம்தான் உயிர்நாடி என்பதால் எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் நாய் குரைக்கும். இன்றைக்கும் பல அலுவலகங்களில் "திடீரென்று உள்ளே போக முடியவில்லை" என்ற புகாரின் வேர் பிசகிய கடிகாரமாக இருப்பது இதனால்தான்.

இந்த வடிவமைப்பை விளக்க ஏதெனா திட்டத்தின் பில் பிரையன்ட் 1988ல் நான்கு காட்சிகள் கொண்ட ஒரு நாடகமே எழுதினார். ஏதெனா என்ற இளம் நிரலாளரும் யூரிபிடீஸ் என்ற எரிச்சல் பிடித்த மூத்தவரும் பேசிக்கொள்வார்கள். ஏதெனா ஒரு யோசனை சொல்ல, யூரிபிடீஸ் அதில் ஓட்டை போட, அடுத்த காட்சியில் ஏதெனா திருத்தி வர... இப்படியே போகும். ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல் தட்ட வேண்டியிருக்கிறதே என்ற குறையைத் தீர்க்கத்தான் 'சீட்டு வாங்கும் சீட்டு' பிறக்கிறது. ஒற்றை உள்நுழைவின் மையக் கருத்து அந்த ஒரு வசதிக் குறையிலிருந்து வந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

தந்தையும் மகனும்

கெர்பரோஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்த அதே 1988ல், நவம்பர் 2 அன்று, இணையத்தில் ஒரு புழு பரவத் தொடங்கியது. அது கடவுச்சொற்களை ஊகித்துப் பார்த்தது. தன் கையோடு 432 சொற்கள் கொண்ட பட்டியலையும் வைத்திருந்தது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அந்தக் கணினியை நம்பும் மற்றக் கணினிகள் எவை என்று பார்த்து அங்கேயும் தாவியது. "அவர் சொன்னால் சரிதான்" என்று கணினிகள் ஒன்றையொன்று கேள்வி கேட்காமல் நம்பிய வழக்கமே புழுவுக்குப் பாதை போட்டது. ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின.

புழுவை எழுதியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1979ல் கடவுச்சொல் பலவீனத்தைப் பற்றி எழுதிய அதே ராபர்ட் மோரிசின் மகன்! தந்தை அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. மகனுக்குத் தண்டனை கிடைத்தது, சிறை இல்லை. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார். தந்தை ஏட்டில் எழுதிய எச்சரிக்கையை மகன் உலகத்துக்கே நடத்திக் காட்டிவிட்டார் என்று சொல்லலாம்.

1989 ஜனவரியில் கெர்பரோசின் நான்காம் பதிப்பு வெளியுலகுக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே போக முடியவில்லை. அன்றைய சட்டப்படி மறையாக்க மென்பொருள் வெடிமருந்து, துப்பாக்கியோடு சேர்த்து ஆயுதப் பட்டியலில் இருந்தது! அதனால் மறையாக்கப் பகுதியைப் பிய்த்துவிட்டு 'எலும்புக்கூடு' ஒன்றை மட்டும் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் எரிக் யங் விடுபட்ட சதையைத் தானே எழுதி ஒட்டினார். சுவீடனில் ஒரு குழு அதை வளர்த்தது. 1993ல் ஐந்தாம் பதிப்பு இணையத் தரமாகப் பதிவானது.

அதற்கிடையில் 1994 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை வந்தது. இணையத்தில் பல இடங்களில் யாரோ கம்பியை ஒட்டுக் கேட்டு, பல்லாயிரம் கணினிகளுக்கான கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் ஏதெனா குழு எதற்குப் பயந்ததோ அதுவே நடந்தது.

அலுவலகத்துக்கு வந்த நாய்

அலுவலகங்களின் நிலைமை அப்போது எப்படி இருந்தது? கணக்குப் பிரிவுக்குப் பெரிய மெயின்ஃபிரேம், அதற்கொரு கடவுச்சொல். கோப்புகளுக்கு நெட்வேர், அதற்கொன்று. மின்னஞ்சலுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் காலாவதி ஆகும். மனிதர்கள் என்ன செய்வார்கள்? மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினார்கள். விசைப்பலகைக்கு அடியில் வைத்தார்கள். உதவி மையத்துக்குத் தினமும் "மறந்துவிட்டது" என்ற அழைப்புகள்.

விண்டோஸ் வலையமைப்பில் ஒருமுறை நுழைந்தால் போதும் என்ற வசதி ஓரளவு இருந்தது. ஆனால் அடித்தளம் பலவீனம். பழைய லேன் மேனேஜர் முறையில் கடவுச்சொல் முழுக்கப் பெரிய எழுத்தாக மாற்றப்பட்டு, ஏழு ஏழு எழுத்துகளாக இரண்டு துண்டாக வெட்டப்பட்டது. பதினான்கு எழுத்துப் பூட்டு என்று நினைத்தால் உண்மையில் அது இரண்டு ஏழு எழுத்துப் பூட்டுகள். உடைப்பது எளிது. 1997ல் வந்த லாஃப்ட்கிராக் என்ற கருவி இதை ஊரறியச் செய்தது.

2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரில் நிறுவனத்தின் எல்லா ஊழியர்களையும் ஒரே பதிவேட்டில் வைத்தது. அதன் காவலாளியாகக் கெர்பரோஸ் ஐந்தாம் பதிப்பு உட்கார்ந்தது. மாணவர்களுக்காகப் பிறந்த நாய் உலகின் அலுவலகங்களுக்குள் நுழைந்துவிட்டது. மைக்ரோசாப்ட் சீட்டுக்குள் தனக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்து, அதன் விவரத்தை ரகசியம் என்று பூட்டி வைத்ததால் அந்த ஆண்டு பெரிய சண்டையும் நடந்தது. ஆனால் ஊழியருக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் ஒருமுறை நுழைந்தால் போதும் என்பது மட்டும் தெரியும்.

சுவருக்கு வெளியே

கெர்பரோஸ் ஒரு மதிலுக்குள் நன்றாக வேலை செய்யும். ஆனால் 2000க்குப் பின் அலுவலகத்தின் வேலைகளே மதிலைத் தாண்டி இணையத்துக்குப் போகத் தொடங்கின. விற்பனைக் கணக்கு ஒரு நிறுவனத்தின் தளத்தில், சம்பளம் வேறொன்றின் தளத்தில். மறுபடியும் ஆளுக்குப் பத்துக் கடவுச்சொல்!

1999ல் மைக்ரோசாப்ட் 'பாஸ்போர்ட்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. எல்லாத் தளங்களுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவி மைக்ரோசாப்டிடம். ஒரே நிறுவனத்தின் கையில் உலகத்தின் அடையாளமா என்று மற்றவர்கள் பதறினார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று 2001ல் லிபர்ட்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு உருவானது. 2002ல் சாம்ல் என்ற பொதுத் தரத்தின் முதல் பதிப்பும் 2005ல் இரண்டாம் பதிப்பும் வந்தன. இதில் அலுவலகம் தன் ஊழியரைத் தானே சோதித்து, "இவர் எங்கள் ஆள்தான்" என்று கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை வெளித்தளத்துக்குக் கொடுக்கிறது. ஊர்த் தலைவர் கொடுக்கும் கடிதம் மாதிரி. வெளித்தளம் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. 2014ல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் இதே கருத்தை இன்னும் எளிதாக்கியது. சீட்டு கடிதமானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கானாவில் போன கரண்ட்

ஒரே சாவி எல்லாக் கதவையும் திறந்தால் வசதி. அந்தச் சாவி தொலைந்தால்?

கூட்டுக் குடும்பத்தில் பெரியம்மா இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அவர் கண்ணயர்ந்தால் வீடு முழுக்கத் திறந்த வீடுதான். கெர்பரோசில் எல்லா வாசல் சீட்டுகளையும் பூட்டும் தலைமைச் சாவி ஒன்று உண்டு. அது திருடன் கைக்குப் போனால் அவன் எந்தப் பெயரிலும், எவ்வளவு ஆயுளுடனும் சீட்டு அச்சடித்துக்கொள்ளலாம். இதற்குத் 'தங்கச் சீட்டு' என்று பெயர். பெஞ்சமின் டெல்பி என்ற பிரெஞ்சு நிரலாளர் உருவாக்கிய மிமிகாட்ஸ் கருவியால் இதைச் செய்ய முடியும் என்று 2014ல் பிளாக் ஹாட் மாநாட்டில் விளக்கினார்கள்.

2017 ஜூன் 27. உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருள் வழியே நாட்பெட்யா என்ற அழிவு நிரல் பரவியது. அதற்குள் மிமிகாட்ஸ் போன்ற பகுதி இருந்தது. கணினியின் நினைவில் கிடந்த உள்நுழைவு விவரங்களைப் பொறுக்கி, அவற்றைக் கொண்டே அடுத்த கணினிக்குத் தாவியது. ஒரு முறை நுழைந்தால் போதும் என்ற வசதி புழுவுக்கும் வசதியானது. 1988ன் கதை பல மடங்கு பெரிதாகத் திரும்ப வந்தது.

மேர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனம் பலத்த அடி வாங்கியது. அதன் ஊழியர் பதிவேட்டைத் தாங்கிய வழங்கிகள் ஏறக்குறைய 150. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றையொன்று நகல் எடுத்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. அழிந்தன. பதிவேடு இல்லையென்றால் யார் ஊழியர், யாருக்கு எந்தக் கதவு என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் மீட்டாலும் யாராலும் உள்ளே நுழைய முடியாது!

தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அந்த வழங்கி வலையமைப்பிலிருந்து துண்டித்துக் கிடந்தது! அதன் தகவலை இணையம் வழியே அனுப்ப நாட்கணக்கில் ஆகும். கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. எனவே ஒருவர் வன்தட்டை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒயர்டு இதழில் ஆண்டி கிரீன்பர்க் 2018ல் இதை விரிவாக எழுதினார். உலகக் கடல் வணிகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்த நிறுவனம் ஒரு மின்வெட்டின் புண்ணியத்தில் எழுந்தது.

கையொப்பக் கடிதத்துக்கும் இதே கதிதான். 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் கையொப்பச் சாவியைத் திருடிக் கடிதங்களைப் போலியாக எழுதினார்கள். 2023ல் மைக்ரோசாப்டின் கையொப்பச் சாவி ஒன்றே தாக்குபவர்கள் கையில் சிக்க, அமெரிக்க அரசு அலுவலர்களின் மின்னஞ்சல்கள் படிக்கப்பட்டன. யாருடைய கடவுச்சொல்லையும் அதற்காக உடைக்கத் தேவைப்படவில்லை.

கடவுச்சொல் இனி?

ஒற்றை உள்நுழைவு வந்த பிறகு அந்த ஒரே கடவுச்சொல் மிகவும் முக்கியமாகிவிட்டது. அதைக் காக்க என்னென்னவோ விதிகள். எண் வேண்டும், குறியீடு வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும்... இந்த விதிகளில் பலவற்றுக்கு மூலம், அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் பில் பர் 2003ல் எழுதிய ஆவணம். 2017ல், ஓய்வு பெற்ற பிறகு, தான் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள்! அதே ஆண்டு நிறுவனம் அந்த விதிகளைக் கைவிட்டது.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2019ல் வெப்ஆத்ன் என்ற தரம் ஏற்கப்பட்டது. 2022 முதல் பாஸ்கீ என்ற பெயரில் அது பரவுகிறது. ரகசியச் சாவி பயனரின் கைபேசியை விட்டோ கருவியை விட்டோ தளத்துக்குப் போவதே இல்லை. தளத்திடம் திருட ஒன்றும் இல்லை. கடவுச்சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்த கோர்பட்டோவே 2014ல், இன்றைய இணையத்தில் அது ஒரு கெட்ட கனவு போல ஆகிவிட்டது என்றார். 2019 ஜூலையில் அவர் மறைந்தார்.

இந்த அறுபது ஆண்டுகளில் தீர்ந்த பிரச்சினை எது? கம்பியில் ஒட்டுக் கேட்பது பெரும்பாலும் தீர்ந்தது. பத்துக் கடவுச்சொல் தொல்லை தீர்ந்தது. தீராதது ஒன்று: யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். முதலில் ஒரு கோப்பை நம்பினார்கள், பிறகு கம்பியை, பிறகு சீட்டுக் கொடுக்கும் வழங்கியை, பிறகு கையொப்பத்தை. ஒவ்வொரு முறையும் நம்பிக்கை இடம் மாறியதே தவிர மறையவில்லை.

ஸ்டால்மன் எழுப்பிய கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஒற்றை உள்நுழைவில் ஊழியரின் பெயர் ஊழியருடையது அல்ல, அலுவலகத்துடையது. வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு அந்த ஒரே கதவு மூடினால் போதும், ஆண்டுக்கணக்கில் எழுதிய கடிதங்கள், சேர்த்த கோப்புகள், கூட வேலை பார்த்தவர்களின் முகவரிகள் எல்லாம் அந்த நொடியே போய்விடும். நிறுவனத்துக்கு இது தேவையான பாதுகாப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காலையில் ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டும்போது, திறக்கும் கதவுகள் எத்தனை என்பதோடு அவற்றை மூடும் கை யாருடையது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.